பாத்திரக்கடை அம்மா சொன்ன விலை

காசு ஒன்றை யாராவது கையில் கொடுத்தால், பாத்திரக்கடை அம்மா அதில் போட்டிருக்கும் வருஷத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார். முதலில் உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் போட்டு எடை பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுற்றி வருடுவார். பட்டுச் சேலையில் இழை எண்ணுவதற்கு நெசவுக்காரர்கள் மடக்குகிற மாதிரி ஒரு சின்னப் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்களே, அதைக் காசின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிவார். கொண்டுவந்தவர் பொறுமை இழந்து, "வருஷம் பின்னாடி போட்டிருக்குது பாருங்கம்மா" என்பார்.

"அது எங்க ஓடப் போவுது? இருக்கட்டும்" என்பார் அம்மா.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் அவர்கள் கடை இருந்தது. பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடைக்கு வாங்கிக்கொண்டு புதிது கொடுப்பார்கள். பரணிலிருந்து இறக்கிய செம்புக்குள் சில சமயம் பழைய காசுகளும் வரும். அப்படி வந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அம்மாவுக்குக் காசுப் பழக்கம் உண்டானது. நான் சொல்வது அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளும். அதற்குள் காசுக்கு விலை கேட்க வாலாஜாபாத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும்கூட ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

நல்ல உயரம், கனத்த உடம்பு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். கணவர் கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய் விலை கேட்டால், தாளை இறக்காமலே மனைவி இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார்.

அம்மா ஒரே ஒரு முறைதான் விலை சொல்வார். யாராவது பேரம் பேச வாயெடுத்தால் காசை அவர்கள் கையிலேயே வைத்து, அவர்கள் விரல்களை மடக்கிவிடுவார். அதற்குமேல் பேச்சில்லை. அந்த மடக்கலில் கோபம் இருக்காது. ஆனால் கடையை விட்டு இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தால், கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மாதிரி இருக்கும்.

"காசு உள்ளதைச் சொல்லிடும். வருஷந்தான் பேச்சை மாத்தும்" என்று அடிக்கடி சொல்வார். அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது அந்த இருபது காசுக் கூத்தின்போதுதான்.

தேசத்தந்தையின் முகம் போட்டு, மஞ்சளாகப் பளபளவென்று ஒரு இருபது காசு வந்ததே, நினைவிருக்கும். அதில் 1869 என்றும் 1948 என்றும் இரண்டு வருஷங்கள் போட்டிருந்தன. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கிருந்தோ ஒரு பேச்சுக் கிளம்பியது. அந்தக் காலத்துக் காசு, அதனால்தான் தங்கம் என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மடி நிறையக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நெல் விற்ற பணத்தை இப்படிக் காசாக மாற்றி வைத்திருந்தாராம். அதுவும், ஒவ்வொன்றுக்கும் நாலணா கொடுத்து.

"இது ஆயிரத்து எட்நூத்து அறுபத்தொம்போதாம்மா. நூறு வருஷத்துக் காசு."

அம்மா ஒன்றை எடுத்து முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது யாரு?"

"தாத்தா."

"வயசு இன்னா இருக்கும்?"

"கெழவருதான்."

"அறுபத்தொம்போதுல இவர் தொட்டில்ல கெடந்தாருப்பா. அப்ப அடிச்ச காசுல கெழவர் மொகம் எப்டி வரும்?"

விவசாயி யோசித்தார். "அப்ப நாப்பத்தெட்டுல அடிச்சதா?"

"நாப்பத்தெட்டுல நயா பைசா ஏது? அணாதான இருந்துச்சு. ஒண்ணு அவர் பொறந்த வருஷம், இன்னொண்ணு போன வருஷம். காசு பொறந்த வருஷத்தை இதுல எங்கயும் போடல. அவருக்கு நூறு வயசு ஆச்சுன்னு ஞாபகத்துக்கு அடிச்சது. இப்பதான் வந்துச்சு."

"தங்கம்னு சொல்றாங்களே."

"தங்கத்தை சர்க்கார் இருபது காசுக்குக் குடுப்பானா? இது இருபது காசு. எந்தக் கடைக்குப் போனாலும் இருபது காசுக்கு அரிசியோ பருப்போ குடுப்பாங்க. போய் வாங்கிக்க."

அந்த மனிதர் அழாத குறையாக இறங்கிப் போனார். அதே வாரம் பக்கத்துத் தெருக் கடைகளில் அந்தக் காசை முப்பது காசுக்கு வாங்கினார்கள். அம்மாவின் கல்லாவிலும் அவை குவியலாகக் கிடந்தன. "நாமளும் குடுத்துடலாமே" என்று கடைப்பையன்கள் கேட்டதற்கு, "இருபது காசுக்குமேல வித்தா அது வேற தொழில்" என்று சொல்லிவிட்டார். மீதிச் சில்லறையாகவே அத்தனையும் வெளியே போயின.

அவருக்கும் தவறியதுண்டு. ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்களைக் கோயிலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் 1862 என்றே போட்டிருந்தது. ஆனால் ராணியின் உடுப்பில் இருந்த வேலைப்பாடு ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தது. ஒரே வருஷத்துக் காசில் இத்தனை விதம் இருக்காது, இதில் சிலது கள்ளக் காசு என்று அம்மா சொல்லிவிட்டார். அந்த மனிதர் அவற்றை உருக்குகிற விலைக்குப் போட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்து, கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கடைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் விஷயம் வெளிவந்தது. அறுபத்திரண்டுக்குப் பிறகும் பல வருஷங்கள் அச்சில் வருஷத்தை மாற்றாமலே அடித்துக்கொண்டிருந்தார்களாம். அத்தனையும் நல்ல காசுதான்.

அன்று சாயங்காலமே அம்மா அந்தக் கோயில்காரர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். தெருவில் நாலு பேர் இருக்கும்போதே, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அத்தினியும் நல்ல காசு. எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாரி சொல்லிட்டேன்" என்றார். குறைந்த பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். தப்பென்று சொன்ன அந்தக் குரலுக்கும், விலை சொல்கிற குரலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வாசலில் நின்று கேட்டவர்களுக்கு, தப்புச் செய்தவர் யார், நஷ்டப்பட்டவர் யார் என்றே சந்தேகம் வந்திருக்கும்.

இப்படிப்பட்டவரைத்தான் என் அப்பா என் நிச்சயதார்த்தத்துக்கு அழைத்தார்.

அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் ஒரு பெரிய செம்புக் காசு இருந்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும், 1818 என்று வருஷமும். தாத்தா ராமேஸ்வரம் யாத்திரை போனபோது ஒரு பண்டாரத்திடமிருந்து வாங்கி வந்தது. கும்பினித் துரை ஒருவருக்குத் தீராத வியாதி வந்து, ராமரை வேண்டிக் குணமாகி, அதன் நினைவாக அடிக்கச் சொன்ன காசு என்று கதை. எங்கள் பெருமாளுக்கே வெள்ளைக்காரத் துரை நகை போட்ட ஊர் இது. அதனால் இந்தக் கதையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது பல ஆயிரம் பெறும் என்று அப்பா நம்பினார். வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைப்பார்.

மாப்பிள்ளை வீடு செவிலிமேட்டில். மாப்பிள்ளைக்கு மின்சார ஆபீசில் வேலை. அவருடைய அப்பாவுக்கு நிலம் இருந்தது, அரிசி மில்லில் பங்கும் இருந்தது. பத்துப் பவுன் கேட்டார்கள். எங்களால் ஐந்துதான் முடியும் என்ற நிலையில், பேச்சுவாக்கில் அப்பா அந்தக் காசைக் காட்டினார். என் மாமனாராகப் போகிறவருக்கு, ஊரில் ஒருவரிடமும் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும். காசைக் கையில் வாங்கியதுமே முகம் மாறிவிட்டது.

"பவுன் அஞ்சு போதும். மீதிக்கு இதைக் குடுத்துடுங்க" என்றார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நிச்சயத்தன்று சபையில் வைத்து, பாத்திரக்கடை அம்மாவின் வாயால் விலை சொல்லவைத்து, பிறகு தட்டில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அம்மாவை அழைக்கப் போனபோது அவர் சொன்னாராம். "மொதல்ல கடைக்கு எடுத்தாங்கண்ணே, பாக்குறேன்."

"சபையிலதான் எடுப்பேன். அங்கயே பாருங்க."

"நான் பாத்ததைத்தான் சொல்வேன்."

"தாராளமா சொல்லுங்க. அதுக்குத்தான கூப்புடுறேன்."

நிச்சயத்தன்று கூடம் நிறைய ஆட்கள். நான் உள் அறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன், எல்லாம் தெரிந்தது. அப்பா பட்டுத்துணியைப் பிரித்துக் காசைக் கொடுத்தார். பாத்திரக்கடை அம்மா எடை பார்த்தார், விளிம்பை வருடினார், கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அப்பா சிரித்த முகமாக எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது காசு இல்லண்ணே" என்றார் அம்மா. "சாமி வில்லை. யாத்திரைக்குப் போற ஊர்ல விக்கிறது."

மாப்பிள்ளை வீட்டார் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பதினெட்டுன்னு போட்டிருக்குதேம்மா" என்றார் அப்பா. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"போட்டிருக்குது. அப்ப அடிச்சது இல்ல. கும்பினி காசு என் கடையில இருக்குது, சிங்கம் கிரீடத்தைப் புடிச்சிக்கினு நிக்கும். சாமி படம் போட்டு அவங்க அடிச்சதை நான் பாத்ததில்ல. அதோட, காசுன்னா அடிப்பாங்க. இது வார்த்தது. ஓரத்துல அரம் போட்டுத் தேச்சிருக்குது, தொட்டுப் பாருங்க."

மாமனாராகப் போகிறவர் கேட்டார், "அப்ப இது இன்னா பெறும்?"

"எட்டணா."

சொல்லிவிட்டு அந்த வில்லையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். தானே பட்டுத்துணியில் சுற்றி, அப்பாவின் கையில் கொடுத்தார்.

அன்று தட்டு மாற்றவில்லை. செவிலிமேட்டுக்காரர்கள் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். வாசலில் நின்று, "பவுனுக்குப் பதிலா எட்டணாவைத் தலையில கட்டப் பாத்தான்" என்று யாரோ சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. இரண்டே நாளில் பேருந்து நிலையம் வரை அந்தப் பேச்சுப் போய்விட்டது. அப்பா கடையைத் திறக்கவில்லை. சைக்கிள் எடுக்க வந்த பையன்கள் பூட்டைப் பார்த்து, "எட்டணா கடை இன்னிக்கும் லீவா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. நடுமத்தியானத்தில் பாத்திரக்கடைக்குப் போனேன். கடையில் அம்மாவும் கணவரும் மட்டும் இருந்தார்கள்.

"அப்பாவைத் தனியா கூப்ட்டு காதுல சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"கடைக்கு எடுத்தாங்கன்னு சொன்னேனே பாப்பா. அவர் கேக்கல."

"சரி, அங்க வந்துட்டீங்க. தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"தெரிஞ்சுதே."

இந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வந்த கோபம் இன்றுகூட நினைவிருக்கிறது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நீங்கள் நல்ல பெயர் வாங்க என் கல்யாணம்தானா கிடைத்தது என்றேன். பெரிய மனுஷி என்றால் மற்றவர்கள் மானத்தை நாலு பேர் நடுவில் அவிழ்க்கலாமா என்றேன். நான் மூச்சு வாங்கி நின்றபோதுதான் அம்மா மெதுவாகச் சொன்னார்.

"நான் தெரியலன்னு சொல்லி, தட்டு மாத்தி, நீயும் அந்த வீட்டுக்குப் போயிடுவ. அவர் அதைச் சும்மா வெச்சிருக்கிற ஆளு இல்ல. மெட்ராசுக்கு எடுத்துனு போய் நாலு பேருகிட்ட காட்டுவார். அங்க எவனாவது இதையேதான் சொல்வான். அப்ப நடுக்கூடத்துல தனியா நிக்கிறது உங்கப்பா இல்ல, நீ."

அப்படியும் எனக்குக் கோபம் போகவில்லை. "அதுக்காக எங்கப்பா ஏமாத்துக்காரருன்னு பேர் வாங்கணுமா?" என்றேன்.

அப்போதுதான் அவர் கணவர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"பொண்ணு கேக்கறதுல ஞாயம் இருக்குது" என்றார்.

"இல்லன்னு நான் சொல்லலியே" என்றார் அம்மா.

அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பாத்திரக்கடை அம்மா டவுன் பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்குப் போனது எங்கள் யாருக்கும் தெரியாது. அங்கே நடந்ததைப் பின்னால் என் கணவர் சொல்லித்தான் கேட்டேன்.

போனவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம். "அன்னிக்கு வில்லைக்கு விலை கேட்டீங்க, சொன்னேன். அதை வெச்சிருந்த ஆளைப் பத்தி யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாராம்.

"சொல்லுங்க" என்றிருக்கிறார் மாமனார்.

"நான் எப்டி விலை சொல்வேன்னு இந்த ஊருக்கே தெரியும். தாட்சண்யம் பாக்க மாட்டேன்னு உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஏமாத்தணும்னு நெனைக்கிறவன் என்னைக் கூப்ட்டு நடுச்சபையில உக்கார வெப்பானா? ஆயிரம்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல ஆளா இல்ல? அவர் அதை நம்பிக்கினு இருந்தாரு. உங்களைவிட அதிகமா நம்பிக்கினு இருந்தாரு."

மாமனார் அதற்கு, "அப்ப மீதி அஞ்சு பவுனுக்கு இன்னா வழி?" என்று கேட்டிருக்கிறார்.

"அது உங்க ரெண்டு குடும்பத்து விஷயம். பவுன் வேணும்னா பவுனாவே கேளுங்க. முடியும் முடியாதுன்னு அவர் சொல்வாரு. ஏமாத்திட்டான்னு மட்டும் சொல்லிக்கினு திரியாதீங்க. அது உள்ளது இல்ல."

"அந்தக் காசும் வேணாம், மீதிப் பவுனும் வேணாம், அந்தப் பொண்ணு போதும்" என்று தான் அந்த இடத்திலேயே சொன்னதாக என் கணவர் இன்றுவரை சொல்கிறார். அவன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை என்று என் மாமனார் கடைசிவரை சொன்னார். எது எப்படியோ, அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தெருவுல பேசுனது தப்பு சம்பந்தி. அஞ்சு பவுனே இருக்கட்டும்" என்றார். அதற்குள் பேருந்து நிலையத்தில் பேச்சு திரும்பியிருந்தது. பாத்திரக்கடை அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தவன் எப்படி ஏமாற்றுக்காரனாக இருப்பான் என்று அதே வாய்கள் சொல்ல ஆரம்பித்திருந்தன.

கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து, பாத்திரக்கடைக்கு அப்பா தானே எடுத்துக்கொண்டு போனார். அவர் படியேறி வருவதைப் பார்த்ததும் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாராம். வீட்டுக்கு வந்து அப்பா அதை மட்டும்தான் சொன்னார்.

கல்யாணத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு செப்புக்குடம் கொடுத்தார். கொடுக்கும்போதே, "முப்பத்தெட்டு ரூபா. கூலி சேக்கல" என்றார். பக்கத்தில் நின்ற என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு செவிலிமேட்டு வாழ்க்கை, பிள்ளைகள் என்று நான் அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது. சில வருஷங்கள் கழித்து, அவருக்குக் கண் மங்கிவிட்டது, கண் ஆபரேஷனுக்கும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார் என்று கேள்விப்பட்டு, மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கடையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மெட்ராஸிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், ஒரு காசை அவர் கையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"எடையைப் பாத்தே சொல்லிடுவீங்களாமே. சும்மா ஒரு விலை சொல்லுங்கம்மா. நீங்க சொன்னீங்கன்னு சொன்னா போதும், பார்ட்டி ஒத்துக்குவான். உங்களுக்கும் ஒரு பங்கு."

அம்மா காசை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். விளிம்பை வருடினார். பிறகு அந்த ஆளின் கையைத் தேடிப் பிடித்து, காசை அதில் வைத்தார்.

"எனக்குத் தெரியல" என்றார்.

"கண்ணுதாம்மா தெரியல. அனுபவம் இருக்குதில்ல?"

"பாக்காம சொன்னா அது விலை இல்ல, வெறும் பேச்சு. வேற ஆளைப் பாருங்க." விரல்களை மடக்கிவிட்டார். குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

அந்த ஆள் போனதும் நான் யாரென்று சொன்னேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். மகளை அருகில் இழுத்து, நெற்றி, கன்னம், மூக்கு என்று மெதுவாகத் தடவிப் பார்த்தார். அவள் கூச்சப்பட்டுச் சிரித்தாள்.

"உங்கப்பா மூக்கு" என்றார் அம்மா என்னிடம். சந்தேகமே இல்லாத குரல்.

அது என் மாமியாரின் மூக்கு. எல்லோரும் சொல்வதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், கண் தெரியாதவர், சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. எங்க மாமியார் மூக்கு."

அவர் இன்னொரு முறை தடவிப் பார்த்தார்.

"அப்டியா? அப்ப நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, நான் அவரைப் பார்த்த அத்தனை வருஷத்தில் இல்லாதபடி, வாய்விட்டுச் சிரித்தார்.